ராட்ஸ்லாஃப் வீட்டுக் கிணற்றின் மூச்சு

ஆர்லிஸ் பென்னருக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை. ஆனால் மேற்கு கன்சாஸில் அவளைக் கிணற்றுக்காரி என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும், பாசன மோட்டார்கள் ஓய்ந்து நிலத்தடி நீர் அசையாமல் நிற்கும் நாட்களில், நாற்பத்தாறு ஆழ்துளைக் கிணறுகளை அளப்பாள். எஃகு நாடாவின் நுனியில் நீலச் சாக்குக்கட்டியைத் தேய்த்து உள்ளே இறக்குவாள். ஈரம் பட்ட இடத்தில் நீலம் கறுக்கும். அதிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரியும்; அந்த எண் அரசாங்கத்து நீர் வரைபடத்தில் ஒரு புள்ளியாகும். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது.

அந்த வருடம் முப்பத்தேழாவது கிணற்றை முடித்தபோது நீர் வரைபட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். பருவநிலையையும் நீரையும் ஆராய அரசு கொடுத்து வந்த நிதி நின்றுவிட்டதாம்.

"நாடாவைச் சுருட்டிட்டு வீட்டுக்குப் போங்க, ஆர்லிஸ்."

"இன்னும் ஒம்பது இருக்கே?"

"வரைபடமே இல்லைங்கிறேன். யாருக்காக அளக்கப் போறீங்க?"

ஆர்லிஸ் நாடாவைச் சுருட்டி வண்டியில் வைத்தாள். ஆனால் வண்டி வழக்கம்போல அடுத்த கிணறு இருந்த வெண்டல் ராட்ஸ்லாஃபின் பண்ணைக்குத் திரும்பியது.

பனிப்புயல் வரப்போகிற பிற்பகல். துளிக் காற்றில்லை. ஆனால் கிணற்றுக் குழாயின் வாய் அடியில் இருந்த எட்டடி ஆழக் குழியைச் சுற்றி மட்டும் பனி வட்டமாக உருகியிருந்தது. காய்ந்த புல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து, வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுவதுபோல ஒரு முனகல்.

எழுபத்தெட்டு வயது வெண்டல் குழிக்குள் இறங்கும் ஏணியில் ஒரு காலை வைத்து நின்றார்.

"கேக்குதா? ரெண்டு வாரமாப் பாடுறா. டோர்த்தா அடுப்படியில இப்படித்தான் பாடுவா. நேத்து கிட்ட போய்க் கேக்கலாம்னு இறங்கினேன். தலை சுத்திருச்சு, ஏறி வந்துட்டேன்."

அவர் மனைவி டோர்த்தா இறந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. தேவாலயத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவள் ஆர்லிஸ். அதே குரல்தான் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது.

லாந்தரை ஏற்றிக் கயிற்றில் இறக்கினாள். பாதிக் குழிவரை சுடர் நின்றது. பிறகு சுருங்கியது. அடியில், யாரோ விரலால் நசுக்கியதுபோல அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினாள். மறுபடியும் அதே இடத்தில் அணைந்தது.

"காலை எடுங்க, வெண்டல். தண்ணி இறங்கி உள்ள வெற்றிடமாக் கிடக்கு. புயலுக்கு முன்னால வெளிக்காத்து அழுத்தம் குறையுறப்ப பூமி பழைய காத்தை வெளிய விடுது. அதுல உயிர்க்காத்து இல்ல. விளக்குக்கு ஆனதுதான் உங்களுக்கும்."

"அப்ப டோர்த்தா?"

"அவ கூப்பிட்டதும் ஓடிப்போற ஆளா நீங்க? உயிரோட இருந்தப்ப சாப்பாட்டுக்கே மூணு தடவை கூப்பிடணும்!"

வெண்டல் சிரித்துவிட்டார். சிரித்தபடியே காலை எடுத்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் ஆர்லிஸ் திரும்பி வந்தாள். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறியிருந்ததால் கிணறு இப்போது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. லாந்தர் அடிவரை எரிந்தது. இடுப்புக் கயிற்றை வெண்டல் பிடித்துக்கொள்ள, இறங்கினாள். அவள் கழுத்துத் துணியின் நுனி நீண்டு, குழாயின் வாயைப் பார்த்து நின்றது. சத்தமும் மாறியிருந்தது; ஏதோ சொல்வதற்காக மூச்சை இழுப்பது போல. நாடாவை இறக்கி அளந்தாள். தண்ணீர் போன வருடத்தைவிடப் பதினோரு அடி கீழே.

மீதி எட்டையும் முடித்தாள். அடுத்த ஜனவரியில், யாரும் கேட்காமலே நாற்பத்தாறையும் அளந்தாள். வெண்டல் குழிக்கு இரும்புக் கதவு போட்டுச் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார். பனி வரும் நாட்களில் எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பதை மட்டும் விடவில்லை.

மூன்றாம் வருடம் நிதி கொஞ்சம் திரும்பி வந்தது. இடையில் விட்டுப்போன எண்கள் அவள் நோட்டில் மட்டுமே இருந்தன. வந்து வாங்கிக்கொண்ட அதே அலுவலகப் பெண் பக்கங்களைப் புரட்டினாள்.

"குறிப்புல 'மூச்சு விடுது'ன்னு எழுதியிருக்கீங்களே, இது ஒரு கிணறுதானே?"

"அப்ப ஒண்ணு," என்றாள் ஆர்லிஸ். "இப்ப அஞ்சு."