ஒரு கட்டணத்தில் இரண்டு பேர் படித்தோம்

சலீம் பாய் தவறிவிட்டதை எனக்குச் சொன்னது லாரி ஓட்டும் ஏழுமலை. எடைமேடையில் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யக்கா, நம்ம பாய் காலையில தவறிட்டாராமே, தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. கையில் பாதி எழுதிய பில் இருந்தது. பின்னால் இன்னும் மூன்று வண்டிகள். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். அழுவதற்குக்கூட அசதியாக இருந்தது.

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் உங்களில் பலருக்கு அவர் எடை போடும் பாய். பன்னிரண்டு வருடம் சவுதியில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்து, எங்கள் உப்பு வியாபாரியின் ஆபீசில் சேர்ந்தார். எடைச்சீட்டு அவருக்கு, பேரேடு எனக்கு. ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தோம். நான் வயதில் சின்னவள். ஆனாலும் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. "ஏம்மா சரோஜா, வாங்க, டீ வந்துடுச்சு" என்பார். சர்க்கரை இல்லாத தன் டீயைக் குடித்துக்கொண்டே, என் டீயில் சர்க்கரை அதிகம் என்று புத்தி சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முன், மழை பிடித்து அளத்தில் வேலை நின்றிருந்த சமயம், முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இனிமேல் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான், சும்மா இருக்கும் நேரத்தில் ஆன்லைனில் வணிகக் கணக்கியல் படித்துச் சான்றிதழ் வாங்குங்கள் என்றார். ஆளுக்கொரு கட்டணம் கட்டப் பாய்க்கு மனம் வரவில்லை. "பாடம் ஒண்ணுதானேம்மா. ஒரு போன்ல ரெண்டு பேரு பாத்தா தேஞ்சிடுமா?" பாதிப்பாதி போட்டுக் கட்டினோம். பதிவு செய்ய மெயில் கேட்டது. எங்கள் இருவரில் என்னிடம்தான் மெயில் இருந்தது, மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகத் திறந்தது. அதைக் கொடுத்ததும் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. கடைசியில் சான்றிதழும் அந்த ஒரு பெயருக்குத்தான் வரும் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

பாடத்தில் உதாரணமாக வந்தது ஒரு சட்டைக் கடை. வருடக் கடைசியில் விற்காத சட்டைகளை எண்ணிக் கையிருப்பு என்று எழுத வேண்டும். பாய் வீடியோவை நிறுத்தினார். வெளியே கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல்கள் மழையில் நின்றன. "சட்ட கரையாதும்மா. இது கரையுதே. இன்னிக்கு நூறு டன்னுன்னு எழுதிட்டு, தை மாசம் கீத்தப் பிரிச்சா எவ்ளோ இருக்கும்?" மாணவர்கள் சந்தேகம் கேட்கும் இடத்தில் அதை ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். நான்கு நாள் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது: நல்ல கேள்வி, வாழ்த்துகள். வேறொன்றும் இல்லை. "இந்த வாழ்த்த எந்தப் பக்கம் எழுதறது, பற்றா வரவா?" என்று கேட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நிதிப் பகுப்பாய்வுப் பாடம் வந்தபோது சட்டைக் கடையை விட்டுவிட்டு எங்கள் ஆபீஸ் கணக்கையே எடுத்துப் போட்டுப் பார்த்தார். "லாபம்னா பேப்பர்ல இருக்குது. சம்பளம் குடுக்கணும்னா கைல இருக்கணும்." பேரேட்டை மூடி வைத்துவிட்டு, "ரெண்டு பேரத் தாங்க இந்த ஆபீசுக்கு மூச்சு இல்லம்மா" என்றார். பத்து நாளில் முதலாளி அதையே சொன்னார். ஏப்ரலிலிருந்து ஒருவர் போதும், சான்றிதழ் உள்ளவர் இருக்கட்டும்.

சான்றிதழ் என் பெயருக்கு மட்டும்தான் வரும் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அன்றே நான் சொல்லியிருக்கலாம்: பாய், உங்கள் பெயரிலும் ஒன்று கட்டிவிடுவோம். கட்டணம் என் இரண்டு நாள் சம்பளம்தான். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாய்வரை வந்தது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. விழுங்கிவிட்டேன். அவரும் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம். மறுநாள் வழக்கம்போல போனை எடுத்து மேசையில் சாய்த்து வைத்தார். "பாதி தாண்டியாச்சு, முடிச்சிடுவோம்" என்றார்.

ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய என் சான்றிதழை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இறுதித் தேர்வில் விகிதக் கணக்குகள் வந்ததும் என் கை நின்றுவிட்டது. போனை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டவர் பாய். எண்பத்து நான்கு மதிப்பெண். இனிப்பு வாங்கி வந்ததும் அவர்தான், தான் தொட முடியாத இனிப்பை. முதலாளி என்னைப் பாராட்டியபோது அவர் எதிரில்தான் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் அவர் கீழ்புத்துப்பட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனார். காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே பில் போடும் வேலை, சர்க்கரைக் காலோடு. பஸ்ஸில் போகும்போது இரண்டு முறை அவரைப் பார்த்தேன். ஒருமுறை என்னைக் கண்டுகொண்டு கையைக் காட்டினார். நான் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் சரோஜாவா? 'நாங்க ரெண்டு பேரும் பாஸ் பண்ணோம்'னு வர்றவங்க எல்லாருகிட்டயும் சொல்லுவாருங்க." அங்கேயே உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். சுற்றிலும் ஆட்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பாய் நினைவாக ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று ஏழுமலை கேட்டான். ஒரு போட்டோ, ஒரு பேனா என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பான். என்னிடம் இருப்பது அவருடைய வேலை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அதற்கான சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.