தறி நின்ற அரைமணி நேரம்

பஸ் கருமத்தம்பட்டியில் நின்றதும் விசைத்தறிச் சத்தம் உள்ளே வந்தது. மகள் ஃபோனில் ஓடிய விண்வெளித் தொடரின் ஒலியைக் கூட்டினாள்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் அம்மா ஓட்டும் தறிக்கு எதிரேதான் டிவி. அண்ணனுக்குப் பிடித்த விண்வெளித் தொடரில் எந்நேரமும் சண்டை. தறி ஓடினாலும் கதை புரியும். எனக்குப் பிடித்த தொடரில் விண்கப்பலில் உட்கார்ந்து பேசியே வேற்றுக்கிரகத்தாரோடு சமாதானம் ஆவார்கள். தமிழ் டப்பிங்தான், ஆனால் தறிச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது.

நூல் அறுந்தாலோ கரண்ட் போனாலோ தவிர தறி நிற்காது. ஒருநாள் நின்றது. அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நூல் அந்துபோச்சாம்மா?"

"இல்ல கண்ணு. அந்தக் கப்பல்காரங்க அப்படி என்னதான் பேசறாங்கன்னு கேட்டுப்போட்டுப் போறேன்."

எது நல்ல தொடர் என்று அண்ணன் இன்றைக்கு வாதத்துக்கு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "உன்னுதுக்கு அம்மா தறிய நிறுத்துச்சா?"