வைக்கோல் வண்டியில் தாரணி

குதிரை லாயத்தில் வேலை செய்கிறவனுக்கு இடுப்பை முறிக்கிற நாரிநோவு குதிரையால் வருவதில்லை, குதிரையை வைத்திருக்கிற முதலாளியால்தான் வரும். ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்கு வெளியே ஒரு கௌபாய் கேளிக்கைப் பூங்காவில் பதினொரு வருடமாகக் குதிரை லத்தி அள்ளுகிறேன். முதலாளி ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் மறக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒருத்தன் வாய்த்திருப்பான்.

பாய்ந்தது யார்?

பூங்காவில் சனத்துக்கு நாங்கள் நடத்தும் குதிரைக் காட்சி பழைய ஊமைப்படம் மாதிரி. பேச்சில்லை, பியானோ மட்டும். எல்லாருக்கும் முகம் நிறைய வெள்ளைப் பவுடர். கதாநாயகன் மார்கோ. ஆனால் ஓடும் குதிரையிலிருந்து வைக்கோல் வண்டிக்குப் பாய்கிறவள் தாரணி, இங்கே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. மார்கோவின் உடுப்போடு பாய்ந்து வைக்கோலுக்குள் படுத்துவிடுவாள். அதற்குள் ஒளிந்திருக்கும் மார்கோ எழும்பிக் கைதட்டு வாங்குவான். வாசல் பலகையில் மார்கோவின் பெயர் உண்டு, குதிரை பெல்லாவின் பெயரும் உண்டு. இவளுடையது இல்லை.

ஒருநாள் கைப்பேசியில் பழைய ஊமைப்படத் துண்டொன்று காட்டினாள். ஆண் உடுப்பில் ஒரு பெண் குதிரையிலிருந்து ரயிலுக்குப் பாய்கிறாள். யார் இவள் என்று கேட்டேன்.

"பேர் போடேல்லை அங்கிள். நூறு வருசமாப் பாயிறம், இன்னும் பலகைக்கு எட்டேல்லை."

தாய் வந்த நாள்

மகளின் வேலையைப் பார்க்கத் தாரணியின் தாய் முதல்முறையாக வந்தார். முன்வரிசையில் இருத்தினேன். பாய்ச்சலுக்கு எழும்பி நின்று கைதட்டினார். காட்சி முடிய லாயத்துக்கு வந்து மகளின் கையைப் பிடித்தார்.

"அந்த வெள்ளைப் பெடியன் என்னமாப் பாய்ஞ்சான்! நீ எங்கை பிள்ளை நிண்டனி?"

இரண்டு கதாநாயகர்

அன்று பின்னேரக் காட்சியில் தாரணி படுக்கவில்லை. பாய்ந்தாள், நிமிர்ந்து நின்றாள். பக்கத்தில் மார்கோவும் எழும்பினான். ஒரே தொப்பி, ஒரே உடுப்பு, இரண்டு பேர். சனம் சிரித்தது. அவள் சட்டைக் கையால் பவுடரைத் துடைத்தாள். "ஐயோ, என்ரை பிள்ளை!" என்று தாய் கத்தியது கடைசி வரிசை வரை கேட்டது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. எழும்பி நின்று தட்டினார்கள்.

முதலாளி லாயத்துக்குள் வந்து, நாளைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் கத்தினார். அப்படியென்றால் நாளைக்குப் பாய்வது மார்கோவா என்று கேட்டேன். மார்கோ பெல்லாவைப் பார்த்து இரண்டு அடி பின்னுக்குப் போனான். முதலாளி வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"சரி, பலகையில் எழுதுங்கள். குதிரைக்குக் கீழே."

பெல்லாவுக்குக் கீழே இப்போது தாரணி இருக்கிறாள். அவளுக்கும் கீழே இந்த லாயக்காரனின் பெயருக்குப் போதிய இடம் கிடப்பதை முதலாளி கண்டுபிடிக்க இன்னொரு பதினொரு வருடம் கொடுத்திருக்கிறேன்.