துடைத்து வைத்த வீடு

கைரேகை எடுக்கிற வேலையில் எனக்கு ஜென்ம விரோதி ஈரத்துணி. திருடனைக்கூட மன்னித்துவிடுவேன்.

ராயபுரத்தில் ஒரு வீட்டில் நகை திருடு போனது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், வாசலிலேயே ஃபினாயில் வாசனை. பீரோ பளபளவென்று இருந்தது. கதவு, கைப்பிடி, ஜன்னல் கம்பி எல்லாம் துடைத்தாகிவிட்டது. பொடி தூவ ஓர் இடம் மிச்சமில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“யாரைக் கேட்டும்மா தொட்டீங்க?” என்று கத்தினேன்.

“போலீஸ்காரங்க வர்றீங்க, வூடு கலீஜா கீதேன்னுதான் மேடம்...” என்று இழுத்தாள் வீட்டுக்காரி. கணவன் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு ஹார்பருக்கு வேலைக்குப் போயிருந்தான். இந்தப் பக்கத்தில் இது எனக்குப் புதிதில்லை. விருந்தாளிக்குப் பெருக்குவதுபோல் போலீசுக்கும் பெருக்கி வைப்பார்கள். இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய கொழுந்தனை ஏற்கெனவே ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார். பீரோ உடைபடவில்லை, சாவி இருக்கும் இடம் வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும், அவன்மேல் பழைய அடிதடி கேஸ் ஒன்று வேறு. அவருக்கு அது போதும்.

சாவி எங்கே இருக்கும் என்று கேட்டேன். ஹால் சுவரில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மாதா சுரூபத்தைக் காட்டினாள். அதன் பின்னால்தான் வைப்பாளாம். வீடே மின்ன, அந்தக் கூண்டு மட்டும் மெழுகுவத்திப் புகை படிந்து அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. பிரஷ்ஷை எடுத்தேன்.

“அத வுட்ருங்க மேடம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூண்டுக்கு முன்னால் வந்து மறித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“கொழுந்தனுக்காகத் துடைச்சீங்களா?”

அழுதுவிட்டாள். “நான் கட்டிகினு வந்தப்போ அவன் டவுசர் போட்டுகினு ஸ்கூலுக்குப் போய்கினு இருந்தான் மேடம். அம்மா இல்லாத புள்ள, என் கையாலதான் துன்னு வளந்தான். இன்னா கஷ்டமோ, எடுத்துட்டான். ஜெயிலுக்குப் போனா அவன் வாழ்க்கையே பூடும். அதான் எல்லாத்தையும் தொடச்சேன். மாதாகிட்ட மட்டும் போவ முடியல. இன்னான்னு சொல்லிகினு தொடைக்கிறது?”

தடயத்தை அழிப்பது குற்றம் என்று சொல்ல வேண்டியவள் நான். பாவமாக இருந்தது. ஆனாலும் வேலையை விட முடியாதே. பொடி தூவியதும், கண்ணாடிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தெளிவாக எழுந்தது. டேப் ஒட்டி எடுத்தேன். அவள் எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டு ஆட்களின் ரேகையையும், ஸ்டேஷனில் அவனுடைய ரேகையையும் வாங்கிக்கொண்டேன். ஒப்பிட உட்கார்ந்தபோது, அவனுடையதாக இருந்துவிடக் கூடாதே என்று எனக்கே படபடத்தது. இந்த வேலையில் அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

அவனுடையதில்லை. வீட்டில் யாருடையதும் இல்லை. கம்ப்யூட்டரில் தேடியபோது, கொருக்குப்பேட்டையில் முன்பு பிடிபட்ட ஒருவனுடைய ரேகையோடு பொருந்தியது. மாதா கோயில் திருவிழாவுக்கு முன் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன், சாவி எடுப்பதைப் பார்த்து வைத்திருக்கிறான். நகையும் அவனிடமே கிடைத்தது.

கொழுந்தனைக் கூட்டிப்போக அவள் வந்தபோது நானும் ஸ்டேஷனில் இருந்தேன். இன்ஸ்பெக்டர் சும்மா இருந்திருக்கலாம். “இனிமே திருடு போனா வீட்டைக் கழுவாதீங்கம்மா. பீரோ கைப்பிடியைக்கூட விடலையாமே” என்று கிண்டலடித்தார்.

அவன் சிரிக்கவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

“நான்தான்னு நெனச்சியா அண்ணி?”

அவள் பொய் சொல்லவில்லை. “நெனச்சேன்டா.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“நெனச்சுகினும் தொடச்சியா?” என்று கேட்டவன், அத்தனை போலீஸ்காரர்களுக்கு நடுவில் குழந்தை மாதிரி அழுதான்.