குளவிக் கூட்டைச் சுற்றி ஒரு வட்டம்

ஊரில் பெரும்புள்ளிகள் பலர் உண்டு. நம்மவர் வெறும் புள்ளி. வன ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காரணம், அவர் பார்த்த வேலை. காட்டுக்குள் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கயிறு கட்டிய ஒரு சதுரம். அதில் நிற்கும் ஒவ்வொரு மரமும் மூலைக் கல்லிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று நாடா பிடித்து அளந்து, தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மரங்கள் ஒட்டி நிற்கின்றனவா, எட்டி நிற்கின்றனவா, கண்டபடி நிற்கின்றனவா என்று அந்தப் புள்ளிகளைப் பார்த்து இயக்குநர் கண்டுபிடிப்பார். மரங்களுக்கு இது தெரியாததால் அவை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன.

பதினொரு ஆண்டுகளாகப் புள்ளி தற்காலிக ஊழியர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு, ஆமையோடு பந்தயம் கட்டித் தோற்றுக்கொண்டிருந்தது. இருந்தும் தொழிலில் அவருக்கு ஒரு கர்வம்: இல்லாத மரத்துக்கு ஒருநாளும் புள்ளி வைத்ததில்லை. வேறு நிலையங்களில் மழை நாளில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே காடு வளர்ப்பவர்கள் உண்டு என்று குத்திக்காட்டுவார்.

அந்தக் கர்வத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சரியாகச் சொன்னால், பன்னிரண்டு மீட்டர் ஆரமுள்ள ஓட்டை. சதுரத்தின் நடுவில் ஒரு பெரிய மரம். அதன் தாழ்ந்த கிளையில் பானை அளவுக்குக் குளவிக் கூடு. போன வருடம் அளக்கப் போன அன்றே ஒரு குளவி அவர் காதைப் பதம் பார்த்தது. புள்ளி அந்த மரத்தைத் தூரத்திலிருந்தே குறித்துக்கொண்டார். சுற்றியிருப்பதைக் குளவிகள் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். குளவிகள் போகவில்லை. வரைபடம் இயக்குநரிடம் போய்விட்டது.

இயக்குநர் பார்த்தார். எண்ணூறு புள்ளிகளுக்கு நடுவே அழகான வெற்று வட்டம், மையத்தில் ஒற்றை மரம். கணினி மூன்று நாள் கணக்குப் போட்டு, இது தற்செயலாக இருக்க வாய்ப்பே இல்லை என்றது. கணினியைக் குறை சொல்ல முடியாது. அது தற்செயல் இல்லை, குளவி. பெரிய மரம் வேர்வழியே நஞ்சைக் கசியவிட்டு அக்கம்பக்கத்தை ஒழித்துக்கட்டுகிறது என்று இயக்குநர் நாற்பது பக்கம் எழுதி, ‘கொடுங்கோல் மரம்’ என்று பட்டமும் கொடுத்தார். கட்டுரை அச்சேறிய மகிழ்ச்சியில் புள்ளியின் நிரந்தர ஆணையில் கையெழுத்தும் போட்டார். வெளியிலிருந்து ஒரு நிபுணர் அம்மாள் வந்து மரத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் தருவதாகச் சொல்லி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவே புள்ளி வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்ட மனைவி, “இல்லாததை எழுதினதில்லைன்னு பதினோரு வருஷமா என் காதைப் புண்ணாக்குனீங்களே, இருக்கிறதை எழுதலைன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?” என்றாள்.

“ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு பாக்கறேன்.”

“பாருங்க. அதுக்கப்புறம் உங்க பொய்யும் நிரந்தரமாயிரும்.”

இரண்டு நாள் கழித்து, மழைக்கோட்டு, தலைக்கவசம், மனைவி தைத்துக் கொடுத்த கொசுவலை முகமூடி சகிதம் புள்ளி வட்டத்துக்குள் நுழைந்தார். தன் கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு உடுத்தியதில்லை. ஐந்து மணி நேரத்தில் முப்பத்தேழு மரங்கள், ஒன்பது கொட்டுகள். இரண்டையும் தனித்தனியே எண்ணி வைத்தார், தொழில் பழக்கம்.

இயக்குநர் புதிய தாளையும் பூசணிக்காயாக வீங்கிய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. படித்தவர்கள் உண்மையைக் கண்டு கோபப்படுவதில்லை. அதை எந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்றுதான் யோசிப்பார்கள்.

“நல்லதாப் போச்சுய்யா. பழைய படம் போன வருஷத்துது, இது இந்த வருஷத்துது. மரம் நஞ்சை நிறுத்திடுச்சு, முப்பத்தேழு புதுசா முளைச்சிடுச்சு.”

“ஐயா, அதுல ஒண்ணை என் ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிக்க முடியலைங்க.”

வளர்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் இயக்குநர். வாயைத் திறக்காமல் இருந்தால் ஆணை கைக்கு வரும் என்பதையும் அன்போடு நினைவூட்டினார்.

நிபுணர் அம்மாள் வந்தார். கூட்டைப் பார்த்துப் பதினைந்து மீட்டரிலேயே நின்று, தொலைநோக்கியில் நிதானமாகப் பார்த்தார். நஞ்சின் எழுச்சி, வீழ்ச்சி பற்றி இயக்குநர் முழங்கிக்கொண்டிருக்க, அம்மாள் புள்ளியின் வீங்கிய முகத்தின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே அளந்தது? இந்த மரமெல்லாம் எப்ப வந்துச்சு?”

இயக்குநரின் சட்டைப் பையில் மடித்த காகிதத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. புள்ளி அதைப் பார்த்தார்.

“எப்பவும் இருந்துச்சுங்கம்மா. நான்தான் பயந்துக்கிட்டு உள்ள போகலை.”

அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆணை இயக்குநரின் சட்டையோடு சலவைக்குப் போனது. நடுவை அளக்காதவர் ஓரத்தை ஒழுங்காக அளந்திருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நிபுணர் ஒரு வரி கேட்டிருந்ததால், எல்லா மரங்களையும் முதலிலிருந்து அளக்க உத்தரவு வந்தது. குளவியோடு சேர்த்து அளக்க வேறு எவரும் விண்ணப்பிக்கவில்லை. எனவே புள்ளி, பன்னிரண்டாம் ஆண்டுத் தற்காலிக ஊழியரானார்.

திங்கட்கிழமை மூலைக் கல்லில் நாடாவை மாட்டினார். முதல் மரம், கிழக்கே இரண்டு மீட்டர் முப்பது. பழைய தாளில் இரண்டு பத்து என்றிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், ஒருவரும் இல்லை. மறுபடி அளந்தார். முப்பதுதான்.

பழையதை அடித்துவிட்டு, முப்பது என்று எழுதினார்.