ஆளில்லாத நீலக் குடம்

குழாயடி வரிசையில் கோவிந்தம்மா இருந்தாள். பால்காரர் வீட்டு மருமகள் இருந்தாள். டைலர் பாய் வீட்டு அம்மா இருந்தார். என் அம்மா இருந்தாள், அவள் பக்கத்தில் நான். எங்களுக்கு அடுத்து ஸ்டெல்லா அக்காவின் நீலக் குடம் இருந்தது. ஸ்டெல்லா அக்கா இல்லை.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்னால் எங்கள் தெரு. வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். வருவதற்கு முன் குழாய் 'புஸ்' என்று காற்று விடும். துரு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத் தெருவே எழுந்து வரும். பதினாறு வீட்டுக் குடங்கள் வரிசையில் நிற்கும். ஒரு குடம் பிடித்தால் மறுபடி கடைசிக்குப் போக வேண்டும்.

எங்களுக்குச் சேதி கிடைத்ததும் அங்கேதான். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளை பத்தாவது தேறியது, அம்மன் கோயிலில் காப்புக் கட்டுவது என்றைக்கு, சர்ச்சில் பிள்ளைகளுக்கு லீவு வகுப்பு என்றைக்கு, சூலூர்பேட்டை ரயில் ஏன் வரவில்லை, யார் வீட்டு ஆடு யார் வீட்டுப் பாவாடையைத் தின்றது, எல்லாம் குடம் நகர நகர முன்னாலிருந்து பின்னால் வந்து சேரும். வரும்போது கொஞ்சம் வளர்ந்தும் வரும்.

அந்தக் கோடையில் பெரிய சேதி ஸ்டெல்லா அக்காதான். துணி தைக்கும் கம்பெனி ஒன்று புதிதாக வந்து பொம்பளை ஆட்களை எடுத்தது. அக்கா போகிறேன் என்றாள். தாஸ் அண்ணன், அவள் வீட்டுக்காரர், கூடாது என்றார். அக்கா மகள் மெர்சியைக் கூட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. குடம் மட்டும் வரிசையில் நின்றது.

மெர்சியும் நானும் ஒரே வயது. அவள் இல்லாமல் அந்த லீவு ஓடவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையை விட்டுக் குடத்தை எடுத்து ஓரமாக வைத்தால், அந்த வீடு தெருவை விட்டுப் போயிற்று என்று அர்த்தம். அந்த இடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வருவார்கள். ஆள் இல்லாத குடத்தை முன்னால் நிற்பவர் நகர்த்தினால் அந்த வீட்டின் இடம் அப்படியே இருக்கும். அம்மா நகர்த்தினாள். கோவிந்தம்மா ஒருநாள் திரும்பிப் பார்த்து, "அவ எங்க வரப்போறா? ஓரமா வையேன்" என்றாள். அம்மா, "இருக்கட்டும்" என்றாள்.

எங்கள் குடத்தை நான் காலால் தள்ளுவேன். நீலக் குடத்தை ஒருமுறை அப்படித் தள்ளியபோது முதுகில் அம்மாவின் அடி ஒன்று விழுந்தது. "அடுத்தவ ஊட்டு கொடம். கையால தூக்கி வை."

அந்தக் குடம் குழாயடிக்கு வந்ததும் அம்மா அதையும் நிரப்புவாள். கொண்டுபோய் ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசல் டிரம்மில் ஊற்றிவிட்டு வந்து கடைசியில் வைப்பாள். தாஸ் அண்ணன் அந்த நேரம் இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் இருப்பார். ஷிப்ட் முடிந்து வந்து அந்த டிரம்மில் மொண்டு குளிப்பார். தண்ணீர் எப்படி வந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. பெண்டாட்டி இருக்கும்போதும் கேட்டதில்லை. டிரம் இருந்தால் தண்ணீர் இருக்கும் என்று இருந்துவிட்டார்.

பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான் தனியாகக் குழாயடிக்குப் போனேன். எங்கள் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கவே எனக்குப் பலம் போதவில்லை. நீலக் குடத்தைக் கையால் நகர்த்தி வைத்தேன், நிரப்ப முடியவில்லை. டிரம் காய்ந்தது.

தாஸ் அண்ணன் வந்தார். முகமெல்லாம் கரி, தோளில் துண்டு, கையில் சோப்பு. ஆம்பளை ஆள் குழாயடிக்கு வருவது எங்கள் தெருவில் இல்லை. அவர் குடத்தைப் பார்த்தார்.

"இது எங்க ஊட்டு கொடமாச்சே. இங்க இன்னா பண்ணுது?"

"தண்ணி புடிக்குது" என்றாள் கோவிந்தம்மா. "இத்தினி நாளா எதுல குளிச்ச நைனா? ஊட்ல மோட்டார் போட்டுக்கினு கீறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யார் பிடித்து ஊற்றியது என்று கேட்டார். யாரும் பெயர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கோவிந்தம்மா குரலைத் தணித்தாள். "அவ எடத்த நாங்க வச்சிக்கினு கீறோம். எடுத்துக்கினு போறதுன்னா போ. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்."

ஓரமாக வை என்று சொன்னவள் அவள்தான்.

அவர் எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் நிரப்பினார். தூக்கத் தெரியவில்லை, பாதி தண்ணீர் வழியிலேயே சட்டையில் போயிற்று. அந்த வாரமே லீவு போட்டுவிட்டு, திருவள்ளூர் போய் பஸ் மாறி, பொதட்டூர்பேட்டைக்குப் போனார்.

அதற்கு அடுத்துத் தண்ணீர் விட்ட நாள், காய்ச்சல் விட்டு அம்மாவும் வந்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெர்சி. இன்னா சொன்னான் என்று கோவிந்தம்மா கேட்டாள். அக்கா குடத்தைப் பார்த்தபடி, "வேலைக்குப் போவச் சொல்லிட்டாரு" என்றாள். அம்மா கையிலிருந்த குடத்தை வாங்கி எங்கள் வீட்டு வாசல்வரை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா கம்பெனி வேனில் ஏறினாள். பிறகு பால்காரர் வீட்டு மருமகள். பிறகு என் அம்மா. எட்டாவதோடு நின்ற நானும். குடங்கள் நின்றன, நகர்த்த ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள், மோட்டார் வந்தது. நல்லதுதான். இடுப்பு வலி இல்லை. இரும்புக் கம்பெனியை மூடியபோது தாஸ் அண்ணன் வீடு காலி செய்தார். மெர்சி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். சொன்னவர்களும் இப்போது இங்கே இல்லை.

குழாய்க் கம்பம் இன்னும் நிற்கிறது. அதில் யாரோ பைக்கைச் சங்கிலி போட்டுக் கட்டுகிறார்கள். போன கோடையில் ஷிப்ட் முடிந்து வந்தபோது தெருவில் சாமந்திப்பூ சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் கோவிந்தம்மா போனது எனக்குத் தெரிந்தது. இரண்டு வீடு தள்ளித்தான் தனியாக இருந்தாள்.

அன்றைக்கு வரிசையில் நின்ற பதினாறு வீட்டில், இன்னும் இந்தத் தெருவில் இருப்பது டைலர் பாய் வீடும் எங்கள் வீடும்.

இரண்டு.