கறுப்புக்குக் கீழே சாம்பல்

அப்பாவின் பழைய காரின் எஞ்சினைச் சுரண்டிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார்.

"அக்கா, மேல கறுப்பு, அதுக்குக் கீழ சாம்பல், அடியில பச்சை. எது ஒரிஜினல் நிறம்?"

அந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டதும் கருகிய துணியின் மணம் என் மூக்கில் ஏறியது.

அப்பாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் பெயின்றைச் சோற்றுக் கரியரின் அடித்தட்டில் ஒளித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். பொனற் மூடியைத் திறந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று எஞ்சினுக்கு மட்டும் பூசினார்.

"வெளியில கதைக்கப்படாது, பிள்ளை."

ஒருநாள் அவருடைய மேலதிகாரி எங்கள் காரில் ஏறினார். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றது.

"பொனற்றைத் திறவும், பாப்பம்."

"நீங்கள் இருங்கோ ஐயா, நான் பாக்கிறன்."

அதற்குள் ஐயா இறங்கிவிட்டார். நான் பின்சீற்று ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அப்பா முதலில் சேர்ட்டைக் கழற்றினார். பிறகு பொனற்றைத் தூக்கிய கையோடு சேர்ட்டை எஞ்சின்மேல் விரித்தார். துணி கருகிப் புகைந்தது.

"என்ன, சேர்ட்டை எரிக்கிறீர்?"

"ரேடியேற்றர் மூடி சுடுது ஐயா, வெறுங்கையால பிடிக்க ஏலாது."

அப்பாவின் வெற்று முதுகில் வியர்வை ஓடியது. ஐயா இருமிக்கொண்டு விலகினார்.

அன்று பின்னேரமே அப்பா சாம்பலுக்கு மேல் கறுப்பு பூசினார். அதன்பிறகு வாசலில் பொலிஸ் ஜீப் மாதிரிச் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த எங்கள் கை அப்படியே நின்றுவிடும்.

"அக்கா?"

"பச்சைதான். சாம்பலை முழுசாச் சுரண்டிப்போடுங்கோ."

அப்பா இன்று இல்லை. அந்த ஐயாவும் இல்லை. ஆனாலும் கேற்றடியில் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.